முதல் சோலோ பேக்பேக்கிங்: வியட்நாமா, ஜார்ஜியாவா, பெருவா?

மூணு வாரம் லீவ் சாங்ஷன் ஆயிடுச்சு, ஒன்றரை ரெண்டு லட்சம் சேர்த்து வச்சாச்சு, கூட வரேன்னு குரூப்ல தம்ஸ் அப் போட்டவங்க ஒவ்வொருத்தரா கழண்டுக்கிட்டாங்க, சரி நான் தனியாவே போறேன்னு முடிவும் பண்ணியாச்சு. அடுத்த கேள்வி, எங்க? முதல் தடவை தனியா பை மாட்டிக்கிட்டு கிளம்புற நம்மாளுங்ககிட்ட கேட்டா அடிக்கடி வர்ற பேரு மூணு. வியட்நாம், ஏன்னா செலவு கம்மி, போயிட்டு வந்தவங்க நிறைய பேர். ஜார்ஜியா (அமெரிக்க மாநிலம் இல்ல, ரஷ்யாவுக்கு தெக்க இருக்கிற நாடு), ஏன்னா ரீல்ஸை திறந்தாலே பனிமலை உச்சியில ஒரு சர்ச். பெரு, ஏன்னா ஸ்கூல் படிக்கும்போதே மச்சு பிச்சு போட்டோவை பாத்து மனசுல வச்சாச்சு.

இந்த மூணையும் அழகை வச்சு கம்பேர் பண்றதுல பிரயோஜனம் இல்ல, மூணுமே அழகுதான். பட்ஜெட்டை மட்டும் வச்சு பாத்தாலும் பாதி விஷயம் விட்டுப்போயிடும். என் அளவுகோல் வேற. முதல் ட்ரிப்ல ஏதாவது ஒண்ணு கண்டிப்பா சொதப்பும், பஸ் மிஸ் ஆகும், கார்டு வேலை செய்யாது, வயிறு கெட்டுப்போகும், புக் பண்ண ரூம் போட்டோல இருந்த மாதிரி இருக்காது. அது நடக்கும்போது சரி பண்ண எவ்வளவு பணம், எத்தனை நாள், உடம்புல எவ்வளவு தெம்பு போகும்? எந்த நாட்டுல இந்த பில் கம்மியா வருதோ அதுதான் முதல் ட்ரிப்புக்கான நாடு. மீதி ரெண்டும் எங்கயும் ஓடிப்போகாது.

நாட்டுக்குள்ள போறதுக்கு முன்னாடி பாஸ்போர்ட்டை எடுத்து முதல் பக்கத்தை பாருங்க. நம்ம தமிழ் ஆளுங்களுக்குன்னே ஒரு தலைவலி இருக்கு, இனிஷியல் கலாச்சாரத்துல வளர்ந்ததால நிறைய பேருக்கு சர்நேம் கட்டம் காலியா இருக்கும், மொத்த பேரும் கிவன் நேம்ல போயிருக்கும். விசா ஃபார்ம்லயும் ஏர்லைன் சைட்லயும் லாஸ்ட் நேம் இல்லாம அடுத்த பக்கமே போகாது. ஒருத்தர் அப்பா பேரை போடுவார், ஒருத்தர் தன் பேரையே ரெண்டு தடவை போடுவார், கடைசியில விசால ஒரு மாதிரி டிக்கெட்ல ஒரு மாதிரி வந்து நிக்கும். 2022 நவம்பர்ல ஒத்தைப் பேர் பாஸ்போர்ட்டோட டூரிஸ்டா வர்றவங்களுக்கு ஐக்கிய அரபு அமீரகம் தடை போட்டு, அப்புறம் கடைசி பக்கத்துல அப்பா பேரோ குடும்பப் பேரோ இருந்தா போதும்னு தளர்த்துனது ஞாபகம் இருக்கும். ஜார்ஜியாவுக்கு நிறைய பேர் துபாய், ஷார்ஜா வழியாத்தான் போறோம், நடுவுல இறங்கி ரெண்டு நாள் சுத்திட்டு போலாம்னு பிளான் இருந்தா இது அப்படியே மேல விழும். நேரமும் பொறுமையும் இருந்தா ரீ-இஷ்யூ போட்டு சர்நேமை பிரிச்சு வாங்கிடுங்க, எந்த நாட்டுக்கு போனாலும் அது உதவும். காலாவதிக்கு ஆறு மாசத்துக்கு மேல இருக்கான்னும் அப்பவே பாத்துக்கோங்க.

விசா கதைக்கு வருவோம். வியட்நாம் 2023 ஆகஸ்ட்லேர்ந்து எல்லா நாட்டுக்காரங்களுக்கும் 90 நாள் இ-விசா குடுக்குது, ஒரு தடவை நுழைய 25 டாலர், பல தடவைன்னா 50. வீட்டுல உக்காந்து போட்டோ, பாஸ்போர்ட் ஸ்கேன் ஏத்தி பணம் கட்டினா வேலை முடிஞ்சது. இதுல மாட்டுற இடம் ரெண்டுதான். அரசாங்க சைட் மாதிரியே இருக்கிற ஏஜென்ட் சைட்டுக்கு போய் ரெண்டு மடங்கு மூணு மடங்கு கட்டுறது ஒண்ணு. நுழையுற தேதிய தப்பா போடுறது இன்னொண்ணு, விசால இருக்கிற தேதிக்கு முந்தின நாள் ராத்திரி 11 மணிக்கு உங்க ஃபிளைட் இறங்குச்சுன்னா அது தப்புதான், ஒரு மணி நேரம்தானேன்னு யாரும் விட மாட்டாங்க. அப்படியே சொதப்பினாலும் நஷ்டம் ரெண்டாயிரத்துச் சொச்சம் ரூபாய், மறுபடி அப்ளை பண்ணிக்கலாம், டிக்கெட் போடுறதுக்கு முன்னாடியே விசாவை கையில வாங்கி வச்சுக்கவும் முடியும்.

ஜார்ஜியாவுக்கும் இ-விசா இருக்கு. அமெரிக்கா, ஷெங்கன் (ஐரோப்பிய நாடுகள் பலதுக்கும் பொதுவான விசா) மாதிரி சில நாட்டு விசா செல்லுபடியா கையில இருந்தா தனி விசாவே இல்லாம போகலாம், வளைகுடால வேலை பாக்குற நம்மாளுங்க அங்க உள்ள ரெசிடென்ஸ் விசாவை காட்டித்தான் இத்தனை வருஷமா ஈத் லீவுக்கு ஜார்ஜியா தலைநகர் டிபிலிசி போய் வந்துக்கிட்டு இருக்காங்க, கிளம்புற மாசத்துல மட்டும் அந்த நாடுகள் லிஸ்ட்டை ஒரு தடவை பாத்துடணும். ஆனா விசா கையில இருக்கிறதும் உள்ள விடுறதும் அங்க வேற வேற விஷயம். இந்திய பாஸ்போர்ட்டை பாத்தா தனியா நிக்க வச்சு கேள்வி கேக்குறது, சில பேரை அதே ஃபிளைட்ல திருப்பி அனுப்புறதுன்னு நிறைய கதை இருக்கு, அதுலயும் தனியா வர்ற சின்ன வயசு பசங்கன்னா இன்னும் கேள்வி. ஹோட்டல் புக்கிங், ரிட்டர்ன் டிக்கெட், பேங்க் ஸ்டேட்மென்ட், ஆபீஸ் லீவ் லெட்டர் எல்லாத்தையும் பிரிண்ட் எடுத்து ஒரு ஃபைல்ல வச்சுட்டு போகணும், போன்ல இருக்குன்னு சொன்னா எடுபடாது. 2026 ஜனவரிலேர்ந்து ஹெல்த் இன்சூரன்ஸும் கட்டாயம், குறைஞ்சது 30,000 லாரி (அந்த ஊர் பணம்) கவர் இருக்கணும். பெரும்பாலானவங்களுக்கு பிரச்சனை வராது, சரி. ஆனா வந்தா போறது முழு டிக்கெட் காசு, மூணு வாரம் லீவ், பத்தாததுக்கு பாஸ்போர்ட்ல ஒரு முத்திரை. முதல் ட்ரிப்லயே அந்த ரிஸ்க் எதுக்கு?

பெரு விஷயத்துல ஒரு ஆச்சரியம் இருக்கு. அமெரிக்கா, கனடா, யூகே, ஆஸ்திரேலியா, ஷெங்கன் இதுல ஏதாவது ஒரு விசா குறைஞ்சது ஆறு மாச செல்லுபடியோட இருந்தா இந்தியர்களுக்கு டூரிஸ்ட் விசாவே வேண்டாம். அது இல்லாதவங்க முறையா அப்ளை பண்ணணும். உண்மையான சிக்கல் வழியில இருக்கு, நேரடி ஃபிளைட் கிடையாது, அமெரிக்கா வழியா போனா ஏர்போர்ட்டை விட்டு வெளிய வராட்டாலும் அமெரிக்க விசா வேணும், ஐரோப்பால சில ஏர்போர்ட்ல ட்ரான்ஸிட் விசா கேப்பாங்க. சீப்பா ஒரு டிக்கெட் கிடைச்சுதுன்னு குஷியா புக் பண்ணிட்டு அப்புறமா இதை படிச்சு தலையில கை வச்சவங்க உண்டு. அதுக்கு மேல மஞ்சள் காய்ச்சல் ஊசி. இது பெருக்காரங்க கேக்குறதை விட நம்ம ஊர்க்காரங்க கேக்குறதுக்காக போடணும், மஞ்சள் காய்ச்சல் இருக்கிற நாடுன்னு இந்தியா வச்சிருக்கிற லிஸ்ட்ல பெருவும் இருக்கு, திரும்பி வரும்போது ஊசி போட்டதுக்கான மஞ்சள் அட்டை இல்லேன்னா தனியா புடிச்சு ஆறு நாள் வரைக்கும் வச்சுடலாம். ஊசி போட்டு பத்து நாள் கழிச்சுத்தான் சர்ட்டிஃபிகேட் செல்லும், ஒரு தடவை போட்டா ஆயுசுக்கும் போதும். சென்னைல கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்லயும் போர்ட் ஹெல்த் ஆபீஸ்லயும் போடுறாங்க, நினைச்ச அன்னிக்கு போய் நின்னு போட்டுக்க முடியாது, முன்னாடியே பதிவு பண்ணணும்.

சரி, இறங்கியாச்சு. முதல் ராத்திரிதான் ஒரு சோலோ ட்ரிப்போட மூடையே முடிவு பண்ணும். ஹனோய்ல ஏர்போர்ட்லேர்ந்து 86 நம்பர் பஸ் ஓல்டு குவார்ட்டருக்கே போகுது, ராத்திரி ஆயிட்டா ஊபர் மாதிரி இருக்கிற கிராப் ஆப்ல கார் போட்டுக்கலாம், விலை முன்னாடியே தெரியும், பேரம் கிடையாது. வாசல்ல டாக்ஸி டாக்ஸின்னு கைய புடிக்கிறவங்களை மட்டும் கண்டுக்காம நடங்க. டிபிலிசிலயும் 337 நம்பர் பஸ் சிட்டிக்குள்ள போகுது, ஆனா வளைகுடா ஃபிளைட் நிறைய நடுராத்திரியிலயோ விடியக்காலையிலயோதான் இறங்குது, அந்த நேரத்துல ஹாஸ்டல் கதவை யார் திறப்பான்னு முன்னாடியே மெசேஜ் பண்ணி வச்சுக்கணும். பெரு தலைநகர் லிமா வேற மாதிரி. ஏர்போர்ட் இருக்கிறது கய்யாவோல, அந்த சுத்துவட்டாரத்துல ராத்திரி நேரம் தெரு டாக்ஸில ஏறாதீங்கன்னு ஊர்க்காரங்களே சொல்லுவாங்க, தங்குற இடம் மிராஃப்ளோரஸ் இல்ல பாரன்கோ பக்கம் வச்சுக்கிட்டு, வண்டியும் ஹாஸ்டல் மூலமாவே சொல்லி வச்சுடணும். முப்பது மணி நேரத்துக்கு மேல பயணம் பண்ணி கண்ணு எரிஞ்சுக்கிட்டு வர்றப்ப ஸ்பானிஷ்ல பேரம் பேசுற நிலைமைல யாரும் இருக்க மாட்டோம்.

ஊருக்குள்ள சுத்துறதுதான் வியட்நாமோட பெரிய பலம். நாடே ஒரு நீளமான கோடு, வடக்க ஹனோய், தெக்க சைகோன் என்கிற ஹோ சி மின் சிட்டி, நடுவுல 1,726 கிலோமீட்டர் ரயில் பாதை. நேரா போனா ஒன்றரை நாள் ஆகும், யாரும் அப்படி போறதில்ல, நின்னு நின்னு போவாங்க, நின் பின், ஃபோங் ந்யா, ஹுவே, ஹோய் ஆன், தாலாட். வழி தவற வாய்ப்பே இல்ல, ஒண்ணு மேல போகணும் இல்ல கீழ போகணும். ஹுவேலேர்ந்து தா நாங் வரைக்கும் மட்டுமாவது ரயில்ல போங்க, ஹை வான் கணவாய் பக்கம் கடலை ஒட்டி மலையை சுத்திக்கிட்டு போகும், மூணு மணி நேரம் போறதே தெரியாது, தெக்க போற வண்டின்னா இடது பக்க ஜன்னல் கேளுங்க. மீதிக்கு ஸ்லீப்பர் பஸ். அது நம்ம ஆம்னி பஸ் மாதிரி இல்ல, ஏறுற படியிலயே செருப்பை கழட்டச் சொல்லி கையில ஒரு பிளாஸ்டிக் கவர் குடுப்பாங்க, ஷூவை அதுல போட்டு கூடவே தூக்கிக்கிட்டு வெறுங்கால்ல உள்ள போகணும், மூணு வரிசையா மேலயும் கீழயும் சாய்ஞ்ச படுக்கை, கால நீட்டுற இடம் ஒரு பொட்டிக்குள்ள போகும், அஞ்சே முக்கால் அடிக்கு மேல இருந்தா முட்டி மடங்கியே கிடக்கணும். பைய கால்மாட்டுல வைக்க விட மாட்டாங்க, டிக்கில போடணும், அதனால பாஸ்போர்ட், பணம், மருந்து மட்டும் ஒரு சின்ன பைல தனியா வச்சு கட்டிப்பிடிச்சு தூங்குங்க. ராத்திரி பஸ்ஸுல இன்னொரு வில்லங்கம், ஆறு மணிக்கு போகும்னு சொன்ன வண்டி நாலு மணிக்கே கொண்டுபோய் இறக்கிடும், கடை எதுவும் திறந்திருக்காது. ஆனா பாருங்க, பஸ் போயிடுச்சா, ஒரு மணி நேரத்துல இன்னொண்ணு வரும், ஹாஸ்டல் ரிசப்ஷன்ல இருக்கிற பொண்ணே போன் பண்ணி சீட் போட்டுக் குடுத்துடும். நஷ்டம் ஐநூறு ஆயிரம் ரூபாய்.

வியட்நாம்ல பெரிய விலை குடுக்க வைக்கிற தப்பு ஒண்ணே ஒண்ணு, பைக். வடக்கு மலையை பைக்ல சுத்தி வர்ற ஹா ஜியாங் லூப் வீடியோவை பாத்துட்டு எல்லாருக்கும் கை அரிக்கும். நம்ம ஆர்டிஓ ஆபீஸ்ல குடுக்கிற இன்டர்நேஷனல் பர்மிட் 1949 ஜெனீவா ஒப்பந்தத்துப்படி, வியட்நாம் ஏத்துக்கிறது 1968 வியன்னா ஒப்பந்தத்துப்படி குடுத்த பர்மிட்டை. அதாவது நம்ம பர்மிட் அங்க வெறும் பேப்பர். போலீஸ் நிறுத்தினா ஃபைன், அதைக்கூட விடுங்க, கீழ விழுந்து கால் உடைஞ்சா லைசென்ஸ் இல்லாம ஓட்டுனதுக்கு இன்சூரன்ஸ் ஒரு பைசா தராது. வாடகைக்கு விடுற கடைக்காரர் லைசென்ஸே கேக்க மாட்டார், அது அவர் பிரச்சனையும் இல்ல. ஈஸி ரைடர்னு ஒரு ஏற்பாடு இருக்கு, உள்ளூர் ஆள் ஓட்டுவார், நீங்க பின்னாடி உக்காந்து வேடிக்கை பாக்கலாம். பதினஞ்சு வருஷமா வண்டி ஓட்டுறேன், நான் எதுக்கு பின்னாடி உக்காரணும்னு தன்மானம் பாக்காதீங்க.

ஜார்ஜியால மார்ஷ்ருட்கா, பழைய வேனு. டிபிலிசில டிடுபே ஸ்டாண்டுக்கு போய் கஸ்பெகின்னு (அந்த ரீல்ஸ் சர்ச் இருக்கிற மலை ஊர்) கேட்டா வண்டிய காட்டுவாங்க, ஆள் ரொம்பினா கிளம்பும், மூணு மணி நேரம் மிலிட்டரி ரோட்டுல 2,400 மீட்டர் பக்கம் இருக்கிற ஜ்வாரி கணவாயை தாண்டி போகும். போர்டுல இருக்கிற எழுத்து ஒண்ணும் புரியாது, கேட்டுக் கேட்டுத்தான் ஏறணும், இளசுங்க இங்கிலீஷ் பேசுவாங்க, பெருசுங்களுக்கு ரஷ்யன்தான். அங்கேர்ந்து கெர்கெட்டி சர்ச்சுக்கு (2,170 மீட்டர்) ஒன்றரை மணி நேர ஏத்தம், கஷ்டம் ஒண்ணும் இல்ல. நடக்கப் பிடிக்கிறவங்களுக்கு மெஸ்டியாலேர்ந்து உஷ்குலி வரைக்கும் நாலு நாள் நடை இருக்கு, ராத்திரிக்கு ராத்திரி ஒரு கிராமம், கெஸ்ட் ஹவுஸ் அம்மா சமைச்சுப் போடுவாங்க, டென்ட் சுமக்க வேண்டாம், ஆட்களும் வழியில கிடைப்பாங்க. மூணு நாட்டுலயும் எனக்கு ரொம்பப் பிடிச்ச நடை இதுதான், இதுக்காகவே ஜார்ஜியாவுக்கு ஓட்டு போடலாம்னு கை போகும். பயப்பட வேண்டியது மேய்ச்சல் நாய்ங்களுக்கு. சிட்டில காதுல டேக் மாட்டிக்கிட்டு படுத்திருக்கிற தெரு நாய்ங்க பரம சாது, மலையில ஆட்டு மந்தையோட இருக்கிறதுங்க அப்படி இல்ல, ஓநாயை விரட்டுறதுக்குன்னே வளக்குறாங்க. மந்தையை கண்டா சுத்திப் போங்க, கடிச்சா ஊசிக்காக மலையிலேர்ந்து இறங்கி டவுனுக்கு ஓடணும், ட்ரிப்பு அதோட காலி.

பெருவுல எதிரி மனுஷனோ நாயோ இல்ல, உயரத்துல கம்மியாகிற காத்து. நம்ம தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான், மச்சு பிச்சுவுக்கு போறவங்க போய் இறங்குற குஸ்கோ 3,400. லிமால கடல் மட்டத்துல இருந்துட்டு ஒண்ணேகால் மணி நேர ஃபிளைட்ல அங்க போய் இறங்குனா ஹாஸ்டல் மாடிப்படி ஏறவே நாக்கு தள்ளும், தலை வெடிக்கிற மாதிரி வலிக்கும், சாப்பாடு இறங்காது, ராத்திரி தூக்கம் வராது. ரெண்டு நாள் படுத்துக் கிடந்தா முக்கால்வாசி பேருக்கு சரியாயிடும், ஆனா தனியா இருக்கும்போது இது வெறும் தலைவலியா இல்ல கீழ இறங்கியே ஆகணுமான்னு பாத்துச் சொல்ல பக்கத்துல ஆள் இல்ல. அதுலயும் ரெயின்போ மவுன்டன்னு சொல்றாங்களே, அது 5,000 மீட்டருக்கு மேல, குஸ்கோ போன மறுநாளே அதுக்கு டூர் விக்கிறவன் உங்க நல்லதுக்கு விக்கல.

அடுத்தது, பெருவுல எல்லாமே ஒண்ணோட ஒண்ணு கோத்துக்கிட்டு நிக்கும். மச்சு பிச்சு டிக்கெட் தேதியும் நேரமும் போட்டது, அதுக்கு ஒல்லாந்தாய்தம்போலேர்ந்து ரயில், அந்த ரயிலுக்கு முன்னாடி குஸ்கோலேர்ந்து வேன், ராத்திரி தங்க கீழ இருக்கிற அகுவாஸ் காலியென்டெஸ்ல ரூம். இதுல ஒண்ணு நழுவினா வரிசையா எல்லாம் நழுவும், எல்லாத்துக்கும் டாலர்ல காசு குடுத்திருப்பீங்க. மச்சு பிச்சுவுக்கு நடந்தே போற இன்கா ட்ரெயில்ல போகலாம்னா ஒரு நாளைக்கு போர்ட்டர், கைடு எல்லாம் சேர்த்து 500 பேருக்குத்தான் பர்மிட், கைடு இல்லாம விட மாட்டாங்க, பிப்ரவரி முழுக்க மூடிடுவாங்க, சோலோன்னு சொன்னாலும் குரூப்ல சேர்ந்துதான் ஆகணும். போதாக்குறைக்கு போராட்டம். 2022 டிசம்பர்ல அதிபர் கஸ்தியோவை பதவிலேர்ந்து தூக்குனப்ப ரயில் நின்னு டூரிஸ்ட் நூத்துக்கணக்குல மாட்டிக்கிட்டாங்க, 2023 ஜனவரி 21லேர்ந்து மூணு வாரத்துக்கு மேல மச்சு பிச்சுவையே மூடிட்டாங்க. அந்த ஊர்ல ரோட்டை மறிக்கிறது ஒண்ணும் அபூர்வம் இல்ல, அதனால பெரு பிளான்ல ரெண்டு மூணு நாள் சும்மா காலியா விட்டு வைக்கணும், லீவ் டைட்டா இருக்கிறவங்களுக்கு அது முடியாத காரியம்.

சாப்பாடு. அசைவம்னா மூணு இடத்துலயும் ராஜா மாதிரி சாப்பிடலாம், அடுத்த பாராவுக்கு போயிடுங்க. சைவக்காரங்களுக்கு ஜார்ஜியாதான் அம்மா வீடு, லோபியோன்னு மண்சட்டில ராஜ்மா மாதிரி ஒரு குழம்பு, அதையே ரொட்டிக்குள்ள வச்சா லோபியானி, கத்தரிக்காய்ல வால்நட் அரைச்சு தடவி சுருட்டி வைப்பாங்க, சீஸ் ரொட்டி கச்சாபுரி கேக்கவே வேண்டாம். காரம்தான் கிடையாது. வியட்நாம்ல ‘சாய்’னு போர்டு போட்ட கடை சைவம், புத்த மதக்காரங்க அமாவாசை பௌர்ணமி பக்கம் சைவம் சாப்பிடுறதால அன்னிக்கு இன்னும் நல்லா கிடைக்கும், ஆனா சாதாரண கடையில காய்கறி ஃப்ரை சொன்னாலும் மீன் சாஸ் ஊத்தாம வராது, ஃபோ நூடுல்ஸ்ல இலை மட்டும் மிதந்தாலும் அடியில மாட்டெலும்பு ரசம். பெருவுல கறி வேண்டாம்னு சொன்னா சிக்கனை போட்டு கொண்டு வருவாங்க, அவங்க கணக்குல அது கறி இல்ல. கீன்வா சூப், உருளைக்கிழங்கு, சோளம்னு ஓட்டிடலாம், உருளைக்கிழங்கோட தாய்வீடே அந்த மலைதான், விதவிதமா கலர் கலரா கிடைக்கும்.

பாத்ரூம் விஷயத்தை எந்த ட்ராவல் வீடியோலயும் சொல்ல மாட்டாங்க, நான் சொல்றேன். வியட்நாம்ல நம்ம ஊர் மாதிரியே ஹெல்த் ஃபாசெட் பெரும்பாலும் இருக்கும். ஜார்ஜியால, பெருவுல பேப்பர்தான், பெருவுல அந்த பேப்பரையும் உள்ள போடாம பக்கத்துல இருக்கிற கூடையில போடணும். குழாய்த் தண்ணி குடிக்கலாம்னா அது ஜார்ஜியால மட்டும்.

பணத்துல மூணு நாட்டுக்கும் ஒரே விதி, ரெண்டு கார்டு, ரெண்டும் வேற வேற பேங்க், வேற வேற இடத்துல வச்சிருக்கணும், கூட இருநூறு முந்நூறு டாலர் ரொக்கம். கிளம்புறதுக்கு முன்னாடி பேங்க் ஆப்ல இன்டர்நேஷனல் யூசேஜை ஆன் பண்ணி லிமிட் செட் பண்ணுங்க. அதை விட முக்கியம் ஓடிபி. நம்ம பேங்க் எல்லாம் ஓடிபிய இந்திய நம்பருக்குத்தான் அனுப்பும், அந்த சிம்மை கழட்டி பர்ஸ்ல வச்சுட்டு லோக்கல் சிம் போட்டுட்டா ஒரு பஸ் டிக்கெட் கூட ஆன்லைன்ல வாங்க முடியாது. ரோமிங்கை இங்கயே ஆக்டிவேட் பண்ணி, டேட்டாவை ஆஃப் பண்ணி, எஸ்எம்எஸ் மட்டும் வர்ற மாதிரி அந்த சிம்மை போன்லயே விடுங்க, நெட்டுக்கு இ-சிம் இல்ல ரெண்டாவது ஸ்லாட்ல லோக்கல் சிம். வியட்நாம் நோட்டுல மட்டும் ஒரு எச்சரிக்கை, 20,000 டோங் நோட்டும் 500,000 டோங் நோட்டும் ரெண்டுமே நீலம், மங்கலான வெளிச்சத்துல எழுபது ரூபாய்க்கு பதிலா ஆயிரத்து எழுநூறு ரூபாயை நீட்டிடுவீங்க. பெரிய நோட்டை பர்ஸ்ல தனி அறையில வைங்க.

நேர வித்தியாசத்தை யாரும் கணக்குல எடுக்கிறதில்ல. வியட்நாம் நமக்கு ஒன்றரை மணி நேரம் முன்னாடி, ஜார்ஜியா ஒன்றரை மணி நேரம் பின்னாடி, அம்மாவுக்கு சாப்பிட்டேன்னு போன் பண்றதுக்கு யோசிக்கவே வேண்டாம். பெரு பத்தரை மணி நேரம் பின்னாடி. மத்தியானம் ரெண்டு மணிக்கு குஸ்கோல கார்டு பிளாக் ஆச்சுன்னா வீட்டுல அப்ப நடுராத்திரி தாண்டி பன்னெண்டரை, யாரையும் எழுப்பவும் மனசு வராது.

பாஸ்போர்ட் தொலைஞ்சா? நினைக்கவே பிடிக்காது, ஆனா என் அளவுகோல்ல இது பெரிய மார்க். வியட்நாம்ல ஹனோய்ல தூதரகம், ஹோ சி மின் சிட்டில கான்சுலேட், ரெண்டு முனையிலயும் ஆள் இருக்கு. போலீஸ் ரிப்போர்ட் வாங்கி, ஊர் திரும்ப எமர்ஜென்சி சர்ட்டிஃபிகேட் வாங்கி, வெளிய போக எக்ஸிட் விசாவும் வாங்கி, ஒரு வாரம் அலைச்சல். அலையுற நேரத்துல சைகோன்ல ட்ருவோங் தின் தெருவுல இருக்கிற மாரியம்மன் கோயிலுக்கு ஒரு எட்டு போய் வாங்க, பிரெஞ்சுக்காரங்க காலத்துல அங்க வியாபாரத்துக்கு போன தமிழங்க கட்டுனது, இப்ப ஊதுவத்தியோட வரிசையில நிக்கிறதெல்லாம் பெரும்பாலும் வியட்நாம்காரங்க. ஜார்ஜியா சின்ன நாடு, எங்க தொலைச்சாலும் ஒரு நாள்ல டிபிலிசி வந்துடலாம். பெருவுல குஸ்கோல தொலைச்சா லிமா வரணும், ஃபிளைட்ல ஏற ஐடி வேணும், பஸ்ஸுன்னா இருபது மணி நேரத்துக்கு மேல.

எப்ப லீவ் கிடைக்குதுங்கிறதும் முடிவை மாத்தும், இங்கதான் வியட்நாம் கொஞ்சம் மார்க் இழக்குது. தீபாவளியை ஒட்டி லீவ் போடுறவங்களுக்கு அது சரியா மத்திய வியட்நாம்ல வெள்ளக் காலம், 2025 அக்டோபர் கடைசியில ஹுவேவும் ஹோய் ஆனும் தண்ணிக்குள்ள நின்னுச்சு. சந்திர வருஷப் பிறப்பு டெட் வர்ற வாரத்துல கடை பூட்டியிருக்கும், பஸ் ரயில் எல்லாம் நிரம்பி வழியும். பிப்ரவரி கடைசிலேர்ந்து ஏப்ரல் வரைக்கும்னா கண்ண மூடிக்கிட்டு போகலாம். ஜூன் பாதிலேர்ந்து செப்டம்பர் வரைக்கும்தான் லீவ்னா ஜார்ஜியா மலைக்கு அதுதான் சீசன், பெருவுக்கும் மே டு செப்டம்பர் மழையில்லாத காலம்.

பொண்ணுங்க தனியா போறதா இருந்தா நான் இன்னும் அழுத்தி வியட்நாம்னுதான் சொல்லுவேன், ராத்திரி பத்து மணிக்கும் தெருவுல குடும்பம் குடும்பமா பிளாஸ்டிக் ஸ்டூல்ல உக்காந்து சாப்பிட்டுக்கிட்டு இருப்பாங்க, தனியா ஒரு பொண்ணு உக்காந்தா யாரும் திரும்பிக்கூட பாக்க மாட்டாங்க. பையை அறுத்துட்டு போற பைக் திருடங்க சைகோன்ல உண்டு, போனை ரோட்டோரமா நீட்டி மேப் பாக்காம இருந்தா போதும்.

பை பத்தி நீட்டி முழக்க ஒண்ணும் இல்ல. நாப்பது லிட்டர், ஏழு கிலோவுக்குள்ள, அப்பதான் பட்ஜெட் ஏர்லைன்ல கேபின்ல போகும். ஜார்ஜியா, பெருன்னா ஜாக்கெட் சேரும், கிலோ ஏறும், செக்-இன் காசு கட்டணும். பவர் பேங்க் கைப்பையில மட்டும். நம்ம மூணு முள் பிளக் மூணு நாட்டுலயும் பெரும்பாலும் ஏறாது, ஒரு அடாப்டர் வாங்கிடுங்க. முழுசா பேக் பண்ணி, டவுன் பஸ்ஸுல ஏறி, ரெண்டு நாள் ஏற்காடோ கொல்லிமலையோ தனியா போயிட்டு வாங்க, எதை தொடவே இல்லயோ அதை எடுத்து பீரோவுல வச்சுடுங்க.

ஆக என் ஓட்டு வியட்நாம், சந்தேகமே இல்லாம. துபாய், தோஹா பக்கம் இருக்கிறவங்களுக்கு, நடைதான் உயிர்னு இருக்கிறவங்களுக்கு, ஜூலை ஆகஸ்ட்ல மட்டும் லீவ் கிடைக்கிறவங்களுக்கு ஜார்ஜியா. டிக்கெட் மட்டுமே சாதாரணமா லட்சத்தை தாண்டுற பெருவை ரெண்டாவது இல்ல மூணாவது ட்ரிப்புக்கு வைங்க. இல்ல, போனா பெருதான்னு அடம்புடிக்கிறவங்க குறைஞ்சது ஒண்ணு பண்ணுங்க. லிமாலேர்ந்து நேரா குஸ்கோவுக்கு பறக்காம, பஸ்ஸுல பாராகஸ், இகா வழியா அரெகிப்பா (2,335 மீட்டர்) போய் மூணு நாள் தங்கி உடம்பை பழக்கி, அப்புறம் குஸ்கோ போய், அன்னிக்கே கீழ இருக்கிற ஒல்லாந்தாய்தம்போவுக்கு இறங்கிடுங்க, அது 2,800தான், மச்சு பிச்சு அதை விட கீழ 2,430. குஸ்கோவை கடைசியில சாவகாசமா பாத்துக்கலாம். டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி கிண்டில ஊசிக்கு எந்த தேதி கிடைக்குதுன்னு கேட்டுடுங்க, அதுலேர்ந்து பத்து நாள் தள்ளித்தான் உங்க கிளம்புற தேதி.